ஜூடித் பாக்கா: சுவருக்கு முன்னால் ஆட்களைச் சேர்த்தவர்

கேள்வி இதுதான்: சிக்கானோ சுவரோவியர்களில் ஒருவரை மட்டும் எடுத்து ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் யாரை எடுக்கலாம்? இவர்களைச் சமூகக் கலைத் தலைவர்கள் என்றும் எழுதுகிறார்களே, நடைமுறையில் அவர்கள் செய்யும் வேலை என்ன?

நான் ஜூடித் பாக்காவைச் சொல்வேன். ஜூடி பாக்கா என்றும் அழைப்பார்கள். 1946-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அவர் தலைமையில் உருவான 'லாஸ் ஏஞ்சலஸின் பெருஞ்சுவர்' என்ற சுவரோவியம் அரை மைலுக்கும் மேல் நீளம், உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவரை முதலில் சொல்ல எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஆள் சேர்ப்பது, அவர்களுக்குக் கூலி வாங்கித் தருவது, அனுமதி பெறுவது, ஊர்க்காரர்களிடம் பழைய கதைகளைக் கேட்பது, சண்டையைத் தீர்ப்பது, பின்னாளில் யாராவது அழிக்க வந்தால் முன்னால் போய் நிற்பது என்று ஒரு சுவரோவியத்தைச் சுற்றி நடக்கிற எல்லாவற்றையும் கலை வேலையாகவே நடத்தியவர் அவர். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

முதலில் பின்னணி கொஞ்சம். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள், குறிப்பாக 1960-களின் இளைய தலைமுறையினர், உரிமைப் போராட்டத்தோடு சேர்த்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் சிக்கானோ, பெண்களுக்குச் சிக்கானா. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மோசமான கல்வியை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். 1970 ஆகஸ்ட் 29-ல் வியட்நாம் போருக்கு எதிராக அதே பகுதியில் பெரிய பேரணி நடந்தது. அது கலவரமாக முடிந்த அன்று, ரூபன் சலசார் என்ற பத்திரிகையாளர் ஷெரிஃப் துறையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். இந்த மக்களுக்கு அருங்காட்சியகங்களில் இடம் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர்களுடைய வரலாறு இல்லை. சுவர்கள் மட்டும் எல்லாப் பேட்டைகளிலும் இருந்தன.

அந்தச் சுவர்களில் ஒன்றில் ஏற்கெனவே ஒரு முன்னோடி மறைந்து கிடந்தது. மெக்சிகோவின் மூன்று பெரும் சுவரோவியர்களில் ஒருவரான டேவிட் அல்ஃபாரோ சிகெய்ரோஸ், 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒல்வேரா தெருவில் 'அமெரிக்கா ட்ராபிகல்' என்ற சுவரோவியத்தை வரைந்தார். நடுவில் இரட்டைச் சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதன், மேலே ஓர் அமெரிக்கக் கழுகு. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். 1960-களின் இறுதியில் வெயிலில் அந்த வெள்ளை உரிந்து உள்ளே இருந்த உருவம் மெல்லத் தெரியத் தொடங்கியது. சிக்கானோ ஓவியர்கள் அதிலிருந்து ஊக்கம் பெற்றார்கள். வெள்ளையடிப்பு என்ற இந்த விஷயம் பாக்காவின் வாழ்க்கையில் மறுபடியும் வரும்.

பாக்கா குழந்தையாக இருந்தபோது வீட்டில் பாட்டி, அம்மா, சித்திகள் என்று பெண்கள் மட்டுமே. பேச்செல்லாம் ஸ்பானிய மொழியில். ஆறு வயதில் அம்மாவுக்குத் திருமணமாகி சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கிற பகோய்மாவுக்குக் குடிபோனார்கள். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசத் தடை. ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஆசிரியை ஒரு மூலையில் ஓவியம் வரைய விட்டார். நார்த்ரிட்ஜில் இருக்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1969-ல் கலைப் பட்டம் முடித்தார். கல்லூரியில் வரைந்ததைப் பாட்டியிடம் காட்டியபோது, "இது எதுக்கு?" என்று பாட்டி கேட்டதாகப் பாக்கா பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் அப்போது கற்றுக்கொண்டிருந்த கலைக்கும் பாட்டியின் உலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாட்டி மாதிரி ஆட்கள் போகாத இடத்தில் தொங்கப் போகிற படத்தை ஏன் வரைய வேண்டும் என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

பட்டம் முடித்ததும் தான் படித்த கத்தோலிக்கப் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தார். வியட்நாம் போர் எதிர்ப்பில் கலந்துகொண்டதற்காக வேறு சில ஆசிரியர்களோடும் கன்னியாஸ்திரிகளோடும் சேர்த்து அவரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். அப்புறம் கிடைத்தது நகராட்சிப் பூங்காத் துறையில் ஒரு வேலை: பூங்காக்களில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுப்பது. கிழக்கே போயில் ஹைட்ஸ் பக்கம் அனுப்பினார்கள்.

அங்கே அவர் கவனித்தது பூங்காவில் பொழுதைக் கழிக்கும் பதின்ம வயதுப் பையன்களை. சீட்டாடுவார்கள், டோமினோ ஆடுவார்கள், சுவரில் தங்கள் கும்பலின் பெயரை எழுதுவார்கள். ஒரு தெருப் பையன் அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் அடி, சில சமயம் கத்தி. சுவரில் எந்தப் பெயர் இருக்கிறதோ, இடம் அந்தக் கும்பலுக்குச் சொந்தம். இவர்களுக்குச் சுவரின் மதிப்பு ஏற்கெனவே தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பாக்கா புரிந்துகொண்டார். அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே கூர்மையான கவனிப்பு இதுதான் என்பேன். 1970 கோடையில், ஒன்றோடொன்று பகையாக இருந்த நான்கு கும்பல்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து 'லாஸ் விஸ்தாஸ் நுவேவாஸ்' என்ற குழுவை அமைத்தார்.

ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடையில் அவர்கள் வரைந்தது 'மி அபுவெலிதா', என் பாட்டி. வளைந்த மேடைச் சுவர் முழுக்க ஒரு மெக்சிகன் பாட்டி இரண்டு கைகளையும் விரித்து அணைக்க வருகிறாள். வரைந்துகொண்டிருக்கும்போது பகைக் கும்பல் வருகிறதா என்று பார்த்துச் சைகை கொடுக்கச் சுற்றிலும் காவல் வைத்திருந்தார். பாட்டி என்ற பொருளைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. எந்தக் கும்பல்காரனுக்கும் பாட்டி உண்டு. பாட்டியின் முகத்தின் மேல் யார் தன் கும்பல் பெயரை எழுதுவான்? பின்னாளில் அக்கம்பக்கத்தார் அந்தப் பாட்டியின் காலடியில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள்.

அதைப் பார்த்த நகராட்சி 1974-ல் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டத்தை அவர் தலைமையில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸுக்கு அதுதான் முதல் முறை. அந்தத் திட்டத்தில் 400-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாயின. ஆனால் நகராட்சிப் பணத்தில் வரைந்தால் நகராட்சி அதிகாரி உள்ளே தலையிடுவார். சில படங்களின் உள்ளடக்கம் பிடிக்கவில்லை, மாற்று, இல்லாவிட்டால் பணம் நிற்கும் என்று நெருக்கடி வந்தது. ஊர்க்காரர்கள் பேசி முடிவுசெய்த படத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றுவதற்குப் பாக்கா ஒப்புக்கொள்ளவில்லை. 1976-ல் திரைப்பட இயக்குநர் டோனா டீட்ச், ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர் இருவரோடும் சேர்ந்து 'ஸ்பார்க்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். சமூக, பொதுக் கலை வள மையம் என்பது அதன் விரிவு. வெனிஸ் பகுதியில் கைவிடப்பட்டிருந்த பழைய காவல் நிலையக் கட்டடம் அவர்களுக்குக் கிடைத்தது. லாக்கப் அறைகள் இருந்த இடத்தில் ஓவியக்கூடம் வந்தது.

தலைமை என்பதற்கு எனக்குக் கிடைக்கிற முதல் பொருள் இந்த அமைப்பு. திறமையான ஓவியர் ஒருவர் நல்ல சுவர் ஒன்றை வரைந்துவிட்டுப் போய்விடலாம். பாக்கா, அடுத்து வருகிறவர்களும் வரைவதற்கு ஓர் இடத்தையும் பணம் வருகிற வழியையும் முறையையும் உண்டாக்கினார். 1988-ல் மேயர் டாம் பிராட்லி காலத்தில் ஸ்பார்க் நடத்திய இன்னொரு திட்டத்தில், நகரின் பல இனப் பகுதிகளில் அந்தந்த ஓவியர்கள் தங்கள் சுவர்களை வரைந்தார்கள். வாய்ப்பு சிக்கானோக்களோடு நிற்கவில்லை.

சரி, அந்த நீளமான சுவருக்கு வருவோம்.

1938-ல் லாஸ் ஏஞ்சலஸில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை ஆற்றையும் அதன் கிளைகளையும் கான்கிரீட் கால்வாய்களாக மாற்றிக் கட்டியது. அப்படி ஒன்றுதான் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஓடும் துஹங்கா வாஷ். 1974-ல் அந்தப் பொறியாளர் படையே பாக்காவை அணுகியது. கால்வாய் ஓரத்தில் ஒரு சிறு பூங்கா அமைக்கிறோம், சுவரை அழகாக்க ஏதாவது செய்ய முடியுமா என்பது அவர்கள் கேட்டது. பாக்கா போய்ப் பார்த்தபோது அந்தக் கான்கிரீட் அவருக்கு நிலத்தில் விழுந்த தழும்பாகத் தெரிந்தது. ஆறு ஓடிய இடத்தில் இருக்கிற தழும்பின் மேல் குத்திய பச்சை என்றுதான் தன் சுவரோவியத்தைப் பின்னாளில் விவரித்தார். கும்பல் பையன்களின் உடம்பில் தழும்பையும் பச்சையையும் பார்த்துப் பழகியவருக்கு அந்த ஒப்பீடு தானாகவே வந்திருக்கும்.

அங்கே கலிஃபோர்னியாவின் வரலாற்றை வரைவது என்று முடிவானது. மாமூத் யானைகளும் வாள்பல் பூனைகளும் திரிந்த காலம், சுமாஷ் பூர்வகுடிகள், ஸ்பானியர் வருகை, தங்க வேட்டை, ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள், 1871-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சீனர் படுகொலை என்று அது தொடங்கி நகர்கிறது. 1976 கோடையில் முதல் 1,000 அடி. வேலை செய்தவர்கள் 80 இளைஞர்கள். பெரும்பாலோர் சிறார் நீதித் துறை வழியாக அனுப்பப்பட்டவர்கள். மீதியை 1978, 1980, 1981, 1983 கோடைகளில் வரைந்தார்கள், ஒரு தடவைக்குப் பத்தாண்டு வரலாறு. மொத்தம் 2,754 அடி நீளம், 13 அடி உயரம். 14 முதல் 21 வயது வரை 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பங்கேற்றார்கள். கால்வாய் மழைநீருக்காகக் கட்டியது என்பதால் கோடையில் மட்டும்தான் உள்ளே இறங்கி வேலை செய்ய முடியும். அடியில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் கான்கிரீட்டிலிருந்து வெக்கை.

கூலி கொடுத்தார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோடைகால இளைஞர் வேலைத் திட்டங்களிலிருந்து பணம் புரட்டி, வரைகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் போட்டார்கள். வீட்டுக்குப் பணம் கொண்டுபோக வேண்டிய பையனுக்குக் கலை ஆர்வத்தை மட்டும் கொடுத்தால் அவன் இரண்டாவது வாரம் வரமாட்டான். சேர்ப்பதிலும் கணக்கு இருந்தது. மெக்சிகன், கறுப்பர், வெள்ளையர், ஆசியர் என்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்து, வேண்டுமென்றே கலந்து குழு பிரித்தார். தன் இனத்தைத் தாண்டிப் பழகியே இராத பிள்ளை பக்கத்தில் நிற்கிறவனோடு ஒரே வாளியைப் பங்கிட வேண்டும். சண்டை வரத்தான் செய்தது. அதைப் பேசித் தீர்ப்பதும் பொது இடத்தில் இனவெறிச் சொல்லைப் பேசினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுப்பதும் அன்றாட வேலையின் பகுதி.

வரைவதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஆராய்ச்சி. வரலாற்றாசிரியர்கள், இனவரைவியலாளர்கள், சம்பவங்களை நேரில் பார்த்த முதியவர்கள் வந்து பேசுவார்கள். பேசியதிலிருந்து சின்னப் படங்கள், அவற்றிலிருந்து பெரிய வரைபடம், அதன் மேல் கட்டம் போட்டு, சுவரில் அதே விகிதத்தில் கட்டம் போட்டு மாற்றுவது, அதற்குப் பிறகு வண்ணம். ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்த 1942-ஐ வரைகிற குழுவில் அந்த வரலாற்றைப் பள்ளியில் கேள்வியே படாத பிள்ளைகள் இருந்தார்கள். சுவருக்கு முன்னால் நின்றுதான் கேட்டார்கள்.

இந்தச் சுவரில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற பகுதி 1950-கள். நெடுஞ்சாலைத் தூண்கள் பாம்பு போல வளைந்து நெளிந்து ஒரு மெக்சிகன் குடும்பத்தைச் சுற்றிப் பிரிக்கின்றன. மேலே டாட்ஜர் பேஸ்பால் மைதானம் வேற்றுக்கிரக விண்கலம் மாதிரி இறங்குகிறது. இதன் பின்னால் இருப்பது சாவேஸ் ரவீன் என்ற மலைச்சரிவுப் பேட்டை. 1950-களின் தொடக்கத்தில் பொதுக் குடியிருப்பு கட்டப் போகிறோம் என்று சொல்லி அங்கிருந்த மெக்சிகன் குடும்பங்களைக் காலி செய்தார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு நிலத்தை பேஸ்பால் அணிக்குக் கொடுத்தார்கள். கடைசியாக எஞ்சிய குடும்பத்தைக் காவலர்கள் 1959-ல் தூக்கி வெளியேற்றினார்கள். 1962-ல் மைதானம் திறந்தது. இவ்வளவு நீண்ட அநியாயம் ஒரே பார்வையில் புரிகிற மாதிரி அந்தச் சுவரில் இருக்கிறது. அதே சுவரில் 1930-களில் லட்சக்கணக்கான மெக்சிகன் அமெரிக்கர்களை ரயிலேற்றி அனுப்பியது வருகிறது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1943-ல் கடற்படை வீரர்கள் மெக்சிகன் இளைஞர்களை அடித்து உடையை உருவிய கலவரமும், ஓரினச் சேர்க்கையாளர் உரிமை இயக்கத்தின் தொடக்கமும், இனத் தடைகளை உடைத்த ஒலிம்பிக் வீரர்களும் வருகிறார்கள். 1980-களின் தொடக்கத்திலேயே இவ்வளவையும் ஒரே வரலாறாகச் சேர்த்து, பொதுச் சுவரில் போடத் துணிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு முக்கியமான மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1976-ன் முதல் 1,000 அடியில் ஜூடித் ஹெர்னாண்டெஸ், யூலிசிஸ் ஜென்கின்ஸ் உட்பட வெவ்வேறு ஓவியர்கள் ஆளுக்கொரு பகுதியை வடிவமைத்தார்கள். அதனால் பாணி ஒவ்வொரு சில அடிக்கும் மாறுகிறது. 1977-ல் பாக்கா மெக்சிகோவின் குவெர்னவாக்காவுக்குப் போய், அப்போது இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சிகெய்ரோஸின் பட்டறையில் சுவரோவியத் தொழில்நுட்பம் கற்றார். நடந்து போகிறவனின் கண்ணுக்கு உருவங்களும் நகர்கிற மாதிரி அமைப்பது, ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் வழிந்து போவது எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1978-லிருந்து வடிவமைப்பு அவர் கையில் ஒருங்கிணைந்தது. சுவர் மேலும் வலுவானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூட்டுப்படைப்பு என்கிறோம், கடைசி முடிவு ஒருவருடையது என்றால் அது எந்த அளவுக்குக் கூட்டு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் பார்த்த வரையில், எதை வரைவது என்பதைப் பலர் பேசி முடிவுசெய்தார்கள், எப்படி அமைப்பது என்பதை அவர் செய்தார். அரை மைல் சுவருக்கு அப்படி ஒருவர் தேவை. பங்கேற்றவர்களை மறைக்காமல் அவர் சொல்லிக்கொண்டே இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுவர் வரைந்து முடிந்த பிறகும் தலைமைக்கு வேலை இருக்கிறது என்பதற்கு பால்ட்வின் பார்க் நல்ல உதாரணம். அந்த ஊரின் ரயில் நிலையத்தில் 1990-களில் பாக்கா 'டான்சாஸ் இண்டிஹெனாஸ்' என்ற நினைவுச் சின்னத்தை அமைத்தார். பழைய மிஷன் தேவாலய வளைவின் வடிவம்; அதில் ஊர்க்காரர்கள் சொன்ன வாக்கியங்கள் பொறிக்கப்பட்டன. ஒன்று: "அவர்கள் வருவதற்கு முன்பு நன்றாக இருந்தது." 2005-ல் குடியேற்ற எதிர்ப்புக் குழு ஒன்று, இது வெள்ளையர்களை அவமதிக்கிறது, நீக்கு என்று வெளியூரிலிருந்து வந்து போராட்டம் நடத்தியது. உண்மையில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர் ஒரு வெள்ளையர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த மெக்சிகர்களைப் பற்றி அவர் சொன்னது. யார் சொன்னது என்று எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். படிக்கிறவர் 'அவர்கள்' யார் என்று முடிவுசெய்துகொள்வதில் அவருடைய மனம் வெளியே வரும். போராட்டக்காரர்களைவிட அதிகமாக ஊர்க்காரர்கள் திரண்டு வந்து நின்றார்கள். சின்னம் அப்படியே இருக்கிறது. அந்த மக்களைக் கேட்டுத்தான் அது உருவானது, அதனால்தான் காக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் வந்தார்கள்.

எல்லாச் சுவருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1984 ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் நடந்தது. அதற்காக நெடுஞ்சாலைச் சுவரில் அவர் வரைந்த ஓட்டக்காரியின் படத்தை 2019-ல் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆட்கள் வெள்ளையடித்துவிட்டார்கள். பாக்கா சட்டப்படி எதிர்த்தார். நகரமே 2002-லிருந்து 2013 வரை புதிய சுவரோவியங்களுக்கு வழியில்லாமல் அடைத்து வைத்திருந்தது. சுவரோவியத்தின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர் இல்லாத எதிர்காலத்தைப் பற்றிய 'உலகச் சுவர்' என்ற சுமந்து செல்லக்கூடிய பெரிய பலகைகளை 1990-ல் ஃபின்லாந்திலும் மாஸ்கோவிலும் காட்சிக்கு வைத்தார். 1996-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஸ்பார்க்கோடு சேர்த்துக் கணினி வழிச் சுவரோவியக் கூடம் ஒன்றை உருவாக்கினார். டென்வர் விமான நிலையத்தில் 2000-ல் வைத்த படம் அந்த முறையில் வந்தது. நீளச் சுவர் 2011-ல் புதுப்பிக்கப்பட்டது, 2017-ல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. 2021-ல் மெலன் அறக்கட்டளை சுவரை நீட்டிக்க 50 லட்சம் டாலர் கொடுத்தது. 2021-க்கான தேசியக் கலைப் பதக்கத்தை 2023 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் வாங்கினார்.

2023 அக்டோபரில், 77 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தின் கூடத்துக்குள்ளேயே தன் குழுவோடு 1960-களின் பகுதிகளை வரையத் தொடங்கினார். பார்வையாளர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேலை நடந்தது. அதே அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில், 1972-ல், 'அஸ்கோ' என்ற சிக்கானோ கலைக்குழுவினர் தங்கள் பெயர்களை ஸ்ப்ரே பெயின்டால் எழுதிவிட்டுப் போனார்கள். சிக்கானோ கலைக்கு உள்ளே இடம் தராததற்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பு அது. சில மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள்.

பாக்காவுக்கு அடுத்துப் படிக்க நான் சொல்வதும் அஸ்கோவைத்தான். ஹாரி கம்போவா, கிராங்க், வில்லி ஹெரோன், பட்சி வால்டெஸ் நால்வரும் சுவரோவியம் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது என்று சலித்தவர்கள். 1974-ல் கிராங்க், வால்டெஸையும் இன்னொருவரையும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி அதையே 'உடனடிச் சுவரோவியம்' என்றார். பாக்கா கட்டியதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற குரல் அது. கூட்டுமுறையின் வேறு வடிவங்கள் வேண்டுமென்றால், 1970 ஏப்ரல் 22-ல் மக்கள் பாலத்தடி நிலத்தில் புகுந்து நிலைநாட்டிக்கொண்ட சான் டியாகோவின் சிக்கானோ பூங்காவையும், சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் பெண்கள் மட்டுமே சேர்ந்து வரைந்த 'முஹேரெஸ் முராலிஸ்தாஸ்' குழுவையும் பாருங்கள். அந்தப் பெண்கள் தலைவர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள். 1978-க்குப் பிறகு பாக்கா தேர்ந்த வழியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கிறது.